முப்பது பேருக்கும் பதினெட்டு

தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நான் கால் வைத்ததும், உள்ளே இருந்த இருநூறு வாய்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

தப்பு என் பேண்ட்டின் மேல். ஹாஸ்டல் நண்பனிடம் இரவல் வாங்கியது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் குடியிருக்கலாம். கையில் கதவளவு நோட்டு. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்றே நினைத்துவிட்டார்கள்.

நானோ பி.ஏ. இரண்டாம் வருஷம். 1963. எங்கள் பேராசிரியருக்குப் பேச்சுத் தமிழ் ஆராய்ச்சியில் பைத்தியம். எங்கள் சாத்தூர்ப் பக்கம் ஒருத்தி 'மழை'யை 'மளை' என்றால் மதுரையில் அவருக்குக் காது துடிக்கும்.

முப்பது பேரின் பேச்சை எழுதி வா, கிழவி முதல் சிறுமி வரை வேண்டும், வயது சரியாக இருந்தால் கட்டுரையில் உன் பெயரும் வரும் என்றிருந்தார்.

அச்சில் என் பெயர். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் மாணவன் என்று கணக்கப்பிள்ளை தனுஷ்கோடியிடம் ஆயிரம் தடவை சொன்னேன். ஆயிரம் தடவையும் அவர் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

ஏழெட்டு ஊர்களிலிருந்து நடந்து வந்து குச்சி அடுக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மழை, மிளகாய், மாமியார், எதைக் கேட்டாலும் அருவியாகக் கொட்டினார்கள்.

வயதைக் கேட்டால் மட்டும் கண்கள் என் தலைக்கு மேலே, தனுஷ்கோடியிடம் போகும்.

பதினெட்டு.

வயது குறைந்தால் வேலை போய்விடும். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்த வயது அது.

பேத்தி எடுத்த கருப்பம்மாளுக்கும் பதினெட்டு.

"எம் மகளுக்கும் அதே வயசுதேன், எழுதிக்கோங்க" என்றார், சிரிக்காமல்.

முப்பதாவதாக வந்தவளுக்கு மேசைக்கு மேலே நெற்றி மட்டும்தான் தெரிந்தது. முன்பல் ஒன்று இல்லை. அந்த ஓட்டை வழியாக அவள் பேச்சு விசிலடித்துக்கொண்டு வந்ததைக் கேட்டிருந்தால் பேராசிரியர் கூத்தாடியிருப்பார். இந்த ஒரு தாளிலாவது உண்மையான வயது இருந்தால் போதும், என் பெயர் அச்சேறிவிடும்.

வயது கேட்டேன். பின்னால் தனுஷ்கோடி செருமினார்.

"பதினெட்டு, சார்" என்றாள். கண்கூடச் சிமிட்டவில்லை.

பதினெட்டு என்றே எழுதினேன்.

அந்தப் பல் அன்று காலையில்தான் விழுந்தது. அதைச் சாணியில் பொதிந்து எங்கள் வீட்டுக் கூரைமேல் எறிந்தவன் நான்.