நீலாவதி எதற்குப் பிரெஞ்சு படித்தாள்?

ஜம்புலிங்கத்தின் வீட்டு வாசலில் கிடந்தது நீலாவதியின் செருப்புதான். அறுந்த வாரைப் போன வாரம் தைத்துக் கொடுத்ததே அவள் புருஷன் ராஜமாணிக்கம்தான். சந்தேகத்துக்கே இடமில்லை.

தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு மனைவி மத்தியான நேரத்தில் இந்த வீட்டுக்குப் போகிறாள் என்பதைச் அந்தமானின் சாத்தம் மரமில்லில் கூட வேலை பார்க்கும் சொக்கலிங்கம்தான் காதில் போட்டார். "சச், நெசமாத்தான் சொல்றேன் மாணிக்கம், தப்பா எடுத்துக்காதே. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறப்ப ரோஜ், தெனமும் பாக்குறேன். உள்ள போனதும் கதவைச் சாத்திக்கிறாங்க."

அதற்குமேல் ராஜமாணிக்கத்துக்கு மில்லில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் பாலத்தைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக ஹாடோவில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே ஓர் ஆண்குரல் ஏதோ சொல்ல, நீலாவதி அதைத் திருப்பிச் சொன்னாள். பிரெஞ்சு!

ராஜமாணிக்கத்துக்கு அது நன்றாகத் தெரிந்த மொழி. காரைக்காலில் பிறந்து, சைகோன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். பிரெஞ்சுக்காரன் அங்கிருந்து மூட்டை கட்டியபோது இவரும் கப்பலேறினார். ஊருக்கு வந்து நீலாவதியைக் கட்டிக்கொண்டு, வேலை கிடைத்து அந்தமானுக்கும் வந்தாயிற்று. அந்த பாஷையை மட்டும் அதற்குப்பிறகு அவர் தொடவே இல்லை. போன வருஷம் "எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு சொல்லிக் குடுங்களேன்" என்று அவள் கேட்டபோது, "எல்லாம் மறந்து போச்சு" என்று எரிந்து விழுந்தார்.

உள்ளே அந்த ஆள் சிரித்தார். "என்னம்மா நீ, மத்தவங்கள்லாம் வணக்கம் சொல்றதுலேந்து ஆரம்பிப்பாங்க. நீ என்னடான்னா அரைகுறை வார்த்தையா கொண்டாந்து அர்த்தம் கேக்குறே."

ராஜமாணிக்கம் கதவை உதைத்துத் திறந்தார்.

"வெக்கமா இல்ல? ஊரே சிரிக்குது! புள்ள பெக்காதவளுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்!"

சொல்லி முடித்த பிறகுதான் அறையைப் பார்த்தார். ஜம்புலிங்கம் கண்ணில் புரை விழுந்த கிழவர். புதுச்சேரியில் வாத்தியாராக இருந்துவிட்டு மகனோடு தீவுக்கு வந்தவர். பக்கத்திலேயே அவர் மனைவி அலமு முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆடு உள்ள வந்துடுதுன்னு கதவச் சாத்தி வச்சோம் தம்பி" என்றாள் அலமு, என்ன செய்வதென்று தெரியாமல்.

ராஜமாணிக்கத்துக்கு உடம்பு கூசியது. பெரியவர் மட்டும் எதுவும் நடக்காததுபோல் பேசினார். "உக்காருங்க. உங்க வீட்டுக்காரம்மாவோட அண்ணன் பிரெஞ்சு பேசுற ரெயூனியன் தீவுல இருக்காராமே. அண்ணிக்குத் தமிழ் வராதாம். நேர்ல பாத்தா ரெண்டு வார்த்தை பேசணும்னுதான் படிக்குது."

"என்கிட்ட வேற சொன்னாளே" என்று அலமு நிமிர்ந்தாள். "பிரெஞ்சு தெரிஞ்சா புதுச்சேரியில வேலை கெடைக்கும்னு."

நீலாவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. ராஜமாணிக்கம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பெரியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பின்னாலேயே அவளும் வந்தாள்.

இறக்கத்தில் கடல் தெரிகிற இடத்துக்கு வந்ததும் ராஜமாணிக்கம் கேட்டார்.

"உனக்கு ஏது அண்ணன்?"

"பொய்தான் சொன்னேன். நெசத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"என்ன நெசம்?"

நீலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க தூக்கத்துல பேசுவீங்க. கல்யாணமான நாள்லேந்து. என்ன பாஷைன்னே புரியாது. 'பாப்பா, பாப்பா'ங்கிறது மட்டும் காதுல விழும். உங்க கண்ணுலேந்து தண்ணியா வழியும்."

அவர் நின்றுவிட்டார்.

"எனக்கு வயிறு தெறக்கலையே, அந்த ஏக்கத்துலதான் இப்படிப் பொலம்புறீங்கன்னு நெனச்சேன். எத்தனை கோயில், எத்தனை விரதம்! காலையில எழுந்து உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குக் கூசும்."

சற்றுமுன் அந்த வீட்டில் தான் வீசிய வார்த்தை ராஜமாணிக்கத்தின் நெஞ்சிலேயே வந்து இறங்கியது. "நீலா, நான் ஏதோ கோவத்துல..."

"போன வருஷம் கோயில்ல ஜம்புலிங்கம் ஐயா யாரோடவோ பேசிக்கிட்டு இருந்தாரு. அதே சத்தம். விசாரிச்சா பிரெஞ்சுன்னாங்க. உங்களக் கேட்டேன், எரிஞ்சு விழுந்தீங்க. முழுசாத் தெரிஞ்சுக்கிட்டா உங்க மனசத் தேத்தலாமேன்னு அவர்கிட்டப் போனேன். இன்னிக்குத்தான் எல்லாம் சேந்து வெளங்கிச்சு."

"போதும் நீலா."

"'அழாதே, பாப்பா திரும்பி வந்துடுவேன்.' அதத்தான் இத்தன நாளா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. பிரெஞ்சுல பாப்பான்னா கொழந்தை இல்லையாம். அப்பாவாம்."

கீழே சாத்தத்தில் வேலைச் சங்கு ஊதியது. ராஜமாணிக்கம் அசையவில்லை. சைகோனில் கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது, தாயின் இடுப்பிலிருந்து அவரை நோக்கி நீண்ட அந்தச் சின்னக் கைகளை இவ்வளவு காலமும் அவர் யாரிடமும் காட்டியதில்லை. தலை தானாகக் குனிந்தது. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கத்துவாள் என்று காத்திருந்தார். நீலாவதி பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தப் புள்ள பேரென்ன?"