மேசைமேல் ஒளிர்ந்த வில்லை

வில்லை ஒளிரத் தொடங்கியபோது அதை யாரும் இன்னும் எக்ஸ்ரே அறைக்குள் கொண்டுபோகவே இல்லை.

டாக்டர் கிளாட்வினின் மேசைமேல் கிடந்தது அது. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று சன்னலைக் கம்பளியால் மூடிவிட்டு, கல்லூரி கெமிஸ்ட்ரி டீச்சர் ஜெபசெல்வியும் டாக்டரும் இரண்டு கமிட்டிக்காரர்களும் அந்த அறையில் காத்திருந்தார்கள். பலகைத் தடுப்புக்கு அப்பால் ஆபரேட்டர் ஒரு தடவை மெஷினைப் போட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

வெளிர்மஞ்சள். பூவரசம்பூ நிறம்.

எழுபத்திரண்டில் தொடங்கிய வேலை. தூத்துக்குடி உப்பளங்களில் வேண்டாமென்று ஒதுக்கும் ஜிப்சத்தை அள்ளிவந்து கழுவி, பம்பாயிலிருந்து தபாலில் வந்த மருந்தை ஒரு சிட்டிகை சேர்த்து, வில்லையாக அழுத்திச் சுட்டாள். முதல் நாற்பது வில்லைகளும் சும்மா கிடந்தன.

கதிர் பட்டால் ஒளிர வேண்டும். படாவிட்டால் கூடாது. டாக்டரும் கமிட்டியும் கையெழுத்துப் போட்டால் டெல்லியிலிருந்து ஆராய்ச்சிக்கு உதவி வரும்.

மெஷின் நின்றது. வில்லையும் அணைந்தது.

"கதிர் பலகையைத் தாண்டி இங்கன வருது, டாக்டர். ஈயத்தகடு வைக்கணும்" என்றாள் ஜெபசெல்வி.

இருட்டில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

விளக்கைப் போட்டதும் டாக்டர் சிரித்தார். "உங்க வில்லைக்கு ஒழுக்கம் பத்தாது, டீச்சர். மெஷின் இல்லாத இடத்திலயும் மின்னுது."

கமிட்டியில் மூத்தவர் அதையே கொஞ்சம் நீட்டி இங்கிலீஷில் எழுதினார். மற்றவர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

காபி வந்தது. டாக்டரும் கமிட்டிக்காரர்களும் அதை வராந்தாவில் நின்றபடி குடித்தார்கள்.

அடுத்த வாரம் வில்லையைத் திரும்ப வாங்கப் போனாள். டாக்டர் மாடிக்கு மாறியிருந்தார். கடல்காற்று உடம்புக்கு நல்லதாம்.

கீழே, அவருடைய பழைய அறையில், நர்ஸ் பிலோமி ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"நின்னு வேலை செய்ய முடியலன்னேன், டீச்சர். ஆறாம் மாசம்லா. உடனே டாக்டரே கூப்பிட்டு இந்த ரூமைக் குடுத்தாவ."

தடுப்புக்கு அப்பால் ஆபரேட்டர் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது.

ஜெபசெல்வி அவள் கையைப் பிடித்தாள்.

"எந்திரி, ஏளா."