கடைசிப் படி

இதை எனக்கு முதலில் சொன்னவள் உலகம்மாள். பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த மறு வருஷம், ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போன பஸ்சில் சொன்னாள். பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறி எங்களைத் தூக்கிப் போட்டதும் ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் நாகநாதன் உச்சிப்புளியில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்.

ஒரு சாயங்காலம் மீன் யாவாரி தங்கசாமி தன் ராஜ்தூத் வண்டியை அவர் கடை முன்னால் நிறுத்தினான். பின் சீட்டில் அவன் அக்கா பூமயில். பிறவியிலேயே கண் தெரியாதவள். ஆத்தாவும் அய்யாவும் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

“நாகநாதா, உன் கடைதானே? ரெண்டு குழி விழுந்து எந்திரிச்சதுமே தெரிஞ்சு போச்சு” என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

“அண்ணே, பின் ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்திரு” என்றான் தங்கசாமி. “மெத்து மெத்துன்னு இருக்கணும். அக்காவுக்கு ஒரு பள்ளம் மேடு தெரியக் கூடாது.”

நாகநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டிக்கு எல்லாரும் கெட்டியான ஸ்பிரிங்தான் கேட்பார்கள்.

பக்கத்து சைக்கிள் கடை வாவு முகம்மது டீயைக் கீழே வைத்தார். “ஏலே, பேசாம வண்டியில தொட்டில் கட்டிரு!”

தங்கசாமி சிரிக்கவில்லை. “நாளைக்கு ராம்நாட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“பிறவிக் கண்ணுக்கா?” என்றார் நாகநாதன்.

“பாப்போம்னு சொல்றாங்க.”

வாவு முகம்மது நாகநாதன் காதோரம் குனிந்தார். “பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அப்பன் வீட்டுல போயி உக்காந்திருக்கா. அவளைக் கூப்பிடப் போகக் காணோம். அக்காளுக்குச் சொகுசு கேக்குதாக்கும்!”

“கூடப் பொறந்தவளுக்குச் செய்யிறான். உமக்கென்ன வலிக்குது?” என்றார் நாகநாதன்.

புது ஷாக்கை மாட்டினார். “ஏறி உக்காருக்கா.”

உட்கார்ந்தாள். சீட்டு அசையவே இல்லை. “கோழி உக்காந்தாக்கூட இதைவிட அமுங்கும். ஒழுங்காச் சாப்பிடுறியா இல்லையா?” என்றார் நாகநாதன்.

ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கிற வளையத்தை ஒரு படி இறக்கி வண்டியைக் குலுக்கினார்.

“இப்ப எப்படி?”

“இடுப்புல தட்டுதுப்பா.”

இன்னொரு படி. இன்னொன்று. கடைசிப் படிக்கு வந்ததும் பூமயில் முகம் மலர்ந்தது. “ஆத்தாடி, ஊஞ்சலு!”

“ஏலே தங்கசாமி, இதோட மீன் பெட்டி ஏத்திராத. டயர் மட்கார்டுல உரசி ஆளைக் கவுத்துரும். அக்காவைக் கூட்டிட்டு வந்ததும் நேரா இங்க வா. பழையபடி ஏத்தி விடுறேன்.”

அன்றைக்குச் சோறு தின்னும்போது, “தம்பின்னா அவன் தம்பி” என்று உலகம்மாளிடம் பெருமையாகச் சொன்னாராம்.

மறுநாள் மத்தியானம் ராஜ்தூத் கடையைத் தாண்டிப் போகப் பார்த்தது. பின் சீட்டு காலி. நாகநாதன் குறுக்கே போய் நின்றார்.

“அக்கா எங்கடா?”

“ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்ணே.”

“ராம்நாடு மேற்க இருக்கு. நீ கிழக்க இருந்துல்ல வார?”

தங்கசாமி எஞ்சினை அணைத்தான். வண்டி டேங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

“அக்கா இருக்கிற வீட்டுல கால் வைக்க மாட்டேன்னு பொண்டாட்டி சொல்லிட்டாண்ணே. பிள்ளை முகத்தையே காட்டலை. ராமேஸ்வரத்துல விட்டா ஒரு வாய் சோறாவது கிடைக்கும்னு…”

“அதுக்கு என் கையாலயா ஷாக்கு மாட்டுன?”

“பாலத்துல ஒவ்வொரு இணைப்பும் தடக்கு தடக்குன்னு தட்டும். அக்காவுக்குத் தெரிஞ்சிரும். எங்கடா போறோம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வண்டியைத் திருப்பிருப்பேன்ணே. நல்ல வேளை, அதுக்குத் தெரியலை.”

நாகநாதன் கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினார்.

அக்னி தீர்த்தத்துப் பக்கம், சோத்துக்காக வரிசையாய் உட்கார்ந்திருந்தவர்களின் கடைசியில் பூமயில் இருந்தாள். துணிப்பையை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள்.

“நாகநாதனா? கிரீஸ் வாடை அடிக்குது.”

“எந்திரிக்கா. என் வீட்டுக்குப் போவோம்.”

“உன் வீட்டு வழியாத்தான் அவன் தினமும் யாவாரத்துக்குப் போறான். என்னைப் பாத்துப் பாத்துத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகணுமா? வேண்டாம்ப்பா.”

“பாவிப் பய. பாலம் தட்டினா உனக்குத் தெரிஞ்சிரும்னு பயந்திருக்கான்க்கா.”

“அடப் போப்பா. ராம்நாட்டுக்குப் போனா காலை வெயில் முதுகுல அடிக்கணும். வீட்டை விட்டு ரோட்டுல ஏறினதுமே மூஞ்சியில அடிச்சுச்சு. பாலத்துல ரெண்டு பக்கமும் கடல்காத்து. ஷாக்கை மாத்துனவன் காத்தை எங்க கொண்டு போயி ஒளிப்பான்?”

நாகநாதன் அவள் முன்னால் உட்கார்ந்தார். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா திரும்பிருப்பான்க்கா.”

“தெரியும். அதனாலதான் கேக்கலை.”

அவர் எவ்வளவோ கெஞ்சினார். அவள் எழுந்திருக்கவில்லை. சோத்து வாளி வருகிற சத்தம் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே திரும்பியவரைக் கூப்பிட்டாள்.

“நாகநாதா, எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யி. விடிஞ்சா அவன் மீன் பெட்டி ஏத்துவான். அதுக்குள்ள அந்த வளையத்தைப் பழையபடி ஏத்தி விட்டுருப்பா.”