வெளுத்த படம்

"முகம் பொருந்தவில்லை" என்று மறுபடியும் சொன்னது முகம் பார்த்துத் திறக்கும் பிள்ளைகள் வார்டின் கதவு. உள்ளே பேச்சித்தாயின் மகன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

"அடையாளப் படத்துல என்னைய வெள்ளைக்காரி ஆக்குனது நீங்கதானக்கா? இப்ப கதவத் தொறங்க!"

கத்திய பேச்சித்தாய், ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த செண்பகத்தைக் கையோடு இழுத்து வந்திருந்தாள். எல்லாருக்கும் செய்வதுபோல்தான் இவள் படத்திலும் செண்பகம் வெளிச்சத்தை ஏற்றி, கருநிறத்தைக் குறைத்திருந்தாள். சட்டென்று, முகம் படத்தைப் போல வெளுத்துத் தெரிய, கைப்பேசி விளக்கைப் போட்டு, வெள்ளைத் துண்டை அவள் தாடைக்குக் கீழே விரித்துப் பிடித்தாள்.

"நிமிந்து பாரு தாயி. அழாத, கண்ணீரு பளபளக்கும்."

கதவு திறந்தது. பேச்சித்தாய் உள்ளே ஓடினாள்.

செண்பகம் விளக்கை அணைக்கப் போனாள்.

"அணைச்சிராதீங்கக்கா" என்றபடி இன்னொருத்தி துண்டின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை படிக்கட்டுவரை நீண்டிருந்தது. அத்தனையும் செண்பகம் படமெடுத்த முகங்கள்.