என்ன முறை?

"அண்ணே, கொஞ்சம் நகருங்க! அக்கா காலை நீட்டணுமாம்!"

தையல்காரி போட்ட சத்தத்தில் ரொட்டிக் கடைக்காரர் ஒரு முழம் நகர்ந்தார். மருத்துவச்சி காலை நீட்டினாள். அணை உடைந்து ஊர் முழுகி இரண்டு நாளாகிறது. தானியக் கிடங்கின் மொட்டை மாடியில் ஆறு பேர். கைப்பிடிச் சுவரைத் தொட வெள்ளத்துக்கு ஒரு சாண்தான் பாக்கி.

சுவரை ஒட்டி நின்ற சர்க்கார் படகில், குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, 'அண்ணன், அக்கா' என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா, ஏத்தாம எழுதிட்டே இருக்கீங்களே!" என்றான் படகோட்டி.

"ஒரு படகுல ஒரே குடும்பம்தான் ஏறணும்னு தந்தி வந்திருக்கு. கேட்டா எல்லாரும் சொந்தம்னு புளுகறாங்களாம். அதனால கேக்கவும் கூடாது. அவங்க கூப்பிடறதைக் காதால கேட்டுத்தான் முறை எழுதணும்."

தந்தி கொடுத்த புண்ணியவான் நனையாத நாற்காலியில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

"தபால்கார மாமா, குடையை மடக்குங்க, கண்ணைக் குத்துது! பூட்டுக்காரத் தம்பி, தூங்கி வழியாதே, தண்ணிக்குள்ள போயிடுவே!" என்று மறுபடியும் தையல்காரி சத்தம் போட்டாள்.

மாமா, தம்பி. குமாஸ்தாவுக்குக் கண் கலங்கியது. அவர் கூடப்பிறந்தவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஒன்பது வருஷமாகிறது. இங்கே பார், எப்பேர்ப்பட்ட குடும்பம்!

மூலையில் ஒருவர் மட்டும் தையல் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார்.

"இந்தாங்க, அதை நனைய விட்டுடாதீங்க!" என்று தையல்காரி அவரை அதட்டினாள்.

'கூலியாள்' என்று குமாஸ்தா எழுதினார்.

ஒவ்வொருவராகப் படகில் ஏறினார்கள். மூலையில் நின்றவர் மிஷினைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்துவிட்டுக் காலைத் தூக்குவதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

"ஐயையோ, நிறுத்துங்க! அவரையும் ஏத்துங்க!" தையல்காரி அலறினாள்.

"வெளியாளுக்கு நாளன்னைக்கு வேற படகு வரும்மா."

"நாளன்னைக்கு மாடியே இருக்காதேய்யா!"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? காலையிலேருந்து காதைத் தீட்டி வெச்சுக்கிட்டுக் கேக்கறேன். எல்லாரையும் வாய் நிறைய முறை சொல்லிக் கூப்பிட்டீங்க. அந்த ஆளை மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடலையே!"

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கட்டின புருஷனை என்ன முறை சொல்லிய்யா கூப்பிடறது?"