பலகையில் ஏறிய பெயர்

"ஒரு கிலோ கோதுமை மா குடுங்க."

"ரொட்டிக்கா தலைவரே?" முன்ஸிப் முதலாளி சிரித்தார்.

"பசை காய்ச்ச. உங்க கடைக்கு எதிரா போஸ்டர் ஒட்டப் போறோம்."

பதுளை டவுன் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்லையாவுக்கு வேண்டியதும் அதுதான். தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் தலை நரைத்தவர். கக்கத்தில் சிவப்புத் துணி சுற்றிய பெயர்ப்பலகை.

பக்கத்தில் ஜீவராணி தலைகுனிந்து நின்றாள். தெமோதரைத் தோட்டத்துப் பிள்ளை. மட்டக்களப்பில் நடனப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. படித்துவிட்டுப் பதுளையில் சொந்தமாக நடனப் பள்ளி நடத்த வேண்டும் என்பது அவள் கனவு.

"படிப்பு எதுக்கு? பரதம்தான் உனக்கு வருதே, இப்பவே திற" என்று மடக்கியவர் நல்லையா. மே தினத்தில் திறப்பு விழா என்று தோட்டத்து லய வீடுகளுக்கெல்லாம் சொல்லியும்விட்டார். முன்ஸிப் கடையின் மேல்மாடி காலியாகத்தான் கிடந்தது. முதலாளியோ தர முடியாது என்றுவிட்டார்.

"லயத்துப் பிள்ளை டவுன்ல தலைநிமிரக் கூடாது. அதானே?"

"இல்ல தலைவரே."

"போன் கடைக்காரன் கேட்டும் குடுக்கலியாமே. பேய்க்கா வாடகைக்கு விடப் போறீங்க?"

முதலாளி மாவை நிறுத்தபடியே சொன்னார்:

"மேல ரெண்டு டியூசன்காரங்க இருந்தாங்க. கெட்டிக்காரங்கதான், ஆனா பட்டம் இல்ல. புள்ளயச் சேர்க்க வர்ற தாய்மார் மொதல்ல சுவரத்தான் பார்ப்பாங்க. அங்க சேர்ட்டிபிகேட் தொங்கல்லன்னா, 'தோட்டத்து ஆளா?'ன்னு கேட்டுட்டு எறங்கிருவாங்க. ரெண்டு பேரும் வருசம் முடியமுன்ன மூடிட்டாங்க."

பிறகு ஜீவராணியைப் பார்த்தார்.

"படிப்புக்குப் பதியக் கடைசி நாள் எப்ப புள்ள?"

"நாளைக்கு, முதலாளி."

"போய்ப் படிச்சிட்டு வா. அதுவரைக்கும் மேல்மாடி யாருக்கும் இல்ல. ஆடிப் பாக்குற கண்ணாடிய எந்தச் சுவர்ல பதிக்கணும்னு நீ வந்து சொல்லு."

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"அம்மா பெட்டியெல்லாம் கட்டி வச்சிட்டாங்க முதலாளி. தலைவர் பேச்சைத்தான் தட்ட முடியல்ல."

நல்லையா வாசல் பக்கம் திரும்பினார்.

"கோவிக்காதீங்க தலைவரே. அந்தப் பலகையக் குடுங்க, மேலயே பத்திரமா வைக்கிறேன். புள்ள வந்ததும் மாட்டுவோம்" என்று முதலாளி கை நீட்டினார்.

"எழுத்து எப்படி வந்திருக்குன்னு ஒரு தடவ பாக்கட்டுமா தலைவரே?" ஜீவராணி துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

"வேணாம்மா, பெயின்ட் இன்னும் காயல்ல."

பலகையை இறுக்கிக்கொண்டு, மாவைக்கூட வாங்காமல் படியிறங்கினார்.

பெயின்ட் காய்ந்து ஒரு வாரமாகிறது. துணிக்குள்ளே, கொட்டை எழுத்தில்: 'தோழர் நல்லையா நடனப் பள்ளி'.