பாம்புக்காது

"வயித்துப்போக்குக்கு அப்புறம் முட்டி வீங்கறது சில பிள்ளைங்களுக்கு வரும்மா. வீக்கம் வடிஞ்சிருச்சு. இதயமும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"இல்லை டாக்டர், இவன் நெஞ்சுல காதை வச்சா உஸ்ஸு உஸ்ஸுன்னு கேக்குது" என்றாள் பையனின் அம்மா.

"எனக்குக் கேக்கவே இல்லை. இவளுக்குப் பாம்புக்காது!" என்று கணவர் சிரித்தார்.

பையனின் நெஞ்சில் டாக்டர் மறுபடியும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். சுத்தமான துடிப்பு.

"இதோ, இப்பக்கூடக் கேக்குது" என்றாள் அவள்.

டாக்டர் நிமிர்ந்தார். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து போய் அவள் நெஞ்சில் வைத்தார். உஸ்ஸு, உஸ்ஸு.

"சின்ன வயசுல தொண்டைவலி, காய்ச்சல் வந்து உங்களுக்கும் மூட்டு வீங்குச்சாம்மா?"

"ஆமா. அது தானாவே சரியாப் போச்சே?"

"மூட்டு சரியாப் போச்சு" என்றார் டாக்டர்.